முகாம் டிரெய்லரின் டயரைச் சோதிக்கும் முறை

அமெரிக்க நெடுஞ்சாலைகளில் காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லப்படும் முகாம் டிரெய்லர்களின் டயர்கள் பெரும்பாலும் தேய்வதற்கு முன்பே வயதாகிக் கெட்டுவிடுகின்றன. ஆகவே பட்டன் (தரையைப் பற்றும் மேல்வரிகள்) ஆழத்தைப் பார்த்து ஏமாறாமல், பக்கச்சுவரில் டி.ஓ.டி. (DOT, அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் சுருக்கப் பெயர்) எனத் தொடங்கும் வரியின் கடைசி நான்கு இலக்கங்களைத் தேடுங்கள். 2319 என்றிருந்தால் அந்த டயர் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரானது. முழு எண் சில டயர்களில் உட்புறச் சுவரில் மட்டுமே இருப்பதால், டார்ச் விளக்குடன் வண்டிக்கு அடியில் தலையை நுழைக்க வேண்டியும் வரலாம். ஆறு ஆண்டுகளைக் கடந்த டயரை, பளபளப்பாக இருந்தாலும், நான் நம்பமாட்டேன்.

காற்றழுத்தத்தைப் புறப்படும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போதே அளவிடுங்கள். காற்று குறைந்தால் பக்கச்சுவர் ஒவ்வொரு சுழற்சியிலும் அளவுக்கு மீறி மடிந்து சூடேறி, உள்ளடுக்குகள் பிரிந்து டயர் வெடிக்கும். ஓடிய டயரில் அழுத்தம் கூடுவது இயல்பு. அதைக் கண்டு காற்றை இறக்கிவிடாதீர்கள்.

தண்ணீர்த் தொட்டியும் சாமான்களும் நிறைந்த நிலையில் லாரி எடைமேடையில் நிறுத்தி, அச்சின் சுமை டயர்களின் தாங்குதிறனுக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். எஸ்.டி. (ST, டிரெய்லருக்கென்றே செய்யப்படும்) வகை டயரில் வேறு வேகக் குறியீடு இல்லையெனில் மணிக்கு 65 மைலைத் தாண்ட வேண்டாம். இரட்டை அச்சு வண்டியில் ஒரு டயர் வெடித்தால், அதன் பாரத்தைச் சுமந்த பக்கத்து டயரையும் மாற்றிவிடுவதே நல்லது.