பரோசாவில் பகிர்வுத் தட்டுச் சாப்பாடு: அடிலெய்டுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

அடிலெய்டில் வேலைக்குச் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே உடன் வேலை செய்பவர் யாராவது, "சனிக்கிழமை மதியம் பரோசாவுக்குச் சாப்பிடப் போகிறோம், வருகிறீர்களா?" என்று கேட்பார். தயங்காமல் போங்கள். திரும்பி வரும்போது கார் ஓட்டப்போவது யார் என்பதை மட்டும் கிளம்பும் முன்பே பேசி முடித்துவிடுங்கள்.

வைனுக்குப் பெயர்போன பரோசா பள்ளத்தாக்கு நகரத்திலிருந்து வடகிழக்கே ஏறத்தாழ 70 கி.மீ. தொலைவில் இருக்கிறது. பயணிகள் ரயில் கௌலரோடு நின்றுவிடும். இருட்டிய பிறகு வாடகைக் காரை நம்பி அங்கே உட்கார்ந்திருக்க முடியாது. முழு ஓட்டுநர் உரிமம் உள்ளவரின் ரத்தத்தில் மது அளவு 0.05-க்குக் கீழே இருக்க வேண்டும். இங்கே புதிதாகத் தேர்வெழுதி 'பி' பலகையுடன் ஓட்டுகிறவருக்கும், பழகுநர் 'எல்' பலகைக்காரருக்கும் அனுமதி சுத்தமாகச் சுழியம்; ஒரு மிடறுகூடக் கூடாது. மற்றவர்கள் ஒரு கணக்கை நினைவில் வையுங்கள். இந்நாட்டில் 'ஒரு அளவு மது' என்றால் 10 கிராம் ஆல்கஹால். பரோசாவின் ஷிராஸ் என்னும் சிவப்பு வைன் பெரும்பாலும் 14, 15 சதவீத வீரியமுள்ளது. உணவகத்தில் ஊற்றும் 150 மி.லி. கிண்ணம் ஒன்றிலேயே ஏறக்குறைய 1.7 அளவு அடங்கிவிடும். "இரண்டே கிண்ணம்தானே" என்பவர் மூன்றரை அளவு குடித்திருப்பார். சாலையோரச் சோதனை எந்த நேரத்திலும் நடக்கும்.

இனி சாப்பாட்டு விஷயம். இந்த வட்டாரத்து நல்ல உணவகங்கள் பலவற்றில் ஆளுக்கொரு தட்டு என்ற ஏற்பாடு இல்லை. சின்னச் சின்னத் தட்டுகளாக வரும். நடுவில் வைத்து எல்லோரும் எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். இலைச் சாப்பாடு போல எல்லாம் ஒரே நேரத்தில் வந்து சேராது. அடுப்பில் எது முன்னால் தயாராகிறதோ அது முன்னால் வரும். முதல் தட்டைப் பார்த்ததும் "இவ்வளவுதானா?" என்று தோன்றும், முகத்தில் காட்டிக்கொள்ள வேண்டாம். வயிற்றை நிரப்பும் வேலையை இங்கே ரொட்டிதான் செய்கிறது. அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

நான்கு பேருக்கு எட்டு அல்லது ஒன்பது தட்டு என்று பரிமாறுபவர் சொல்லக்கூடும். ஒரே மூச்சில் அத்தனையும் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. ஐந்து தட்டு சொல்லுங்கள், மெனு மேசையிலேயே இருக்கட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம். மாலை நேரமானால் அடுப்பு எத்தனை மணிக்கு அணையும் என்று கேட்டுக்கொள்வது நல்லது; ஊர்ப்புறங்களில் எட்டரைக்கே கடைசி ஆர்டர் வாங்கும் இடங்கள் உண்டு. துண்டுக் கணக்கில் வரும் பண்டங்களிலும் கவனம் தேவை. தட்டில் மூன்று உருண்டை, மேசையில் நான்கு பேர் என்றால் ஆளுக்கு ஆள் "நீங்கள் எடுங்கள்" என்று உபசரித்து, கடைசியில் ஒன்று ஆறிப்போய்க் கிடக்கும். ஒரு துண்டு கூடுதலாக வைக்கச் சொன்னால் வைப்பார்கள். அதற்குரிய காசு பில்லில் ஏறும்.

எச்சில் பற்றிய தயக்கம் நம்மவர்களுக்கு இருக்கும். ஒவ்வொரு தட்டோடும் பொதுக் கரண்டி வரும். வராவிட்டால் கேளுங்கள், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். பொதுக் கரண்டியால் தன் தட்டுக்கு எடுத்துக்கொண்டு சாப்பிடுவதே இங்கும் முறை. தன் முள்கரண்டியை நேராகப் பொதுத் தட்டில் விடுகிறவர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள்.

சைவர்கள் அதிகம் கவனிக்க வேண்டியது மெனுவை. அதில் சமையல் முறை எதுவும் இருக்காது. "பீட்ரூட், ஆட்டுப்பால் சீஸ், ஹேசல்நட்" என்று மூன்று சொல் இருக்கும், அவ்வளவுதான். காய்கறித் தட்டு என்று நம்பி வாங்கும் உருளைக்கிழங்கு வாத்துக் கொழுப்பில் வறுபட்டிருக்கலாம். கீரைக் கலவையின் குழம்பில் நெத்தலி மீன் வகை கரைந்திருக்கலாம். ரிசோட்டோ என்னும் இத்தாலியச் சோறு கோழிச் சாற்றில் வெந்திருக்கலாம். பார்மிஜானோ ரெஜ்ஜானோ சீஸ், கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட்டால் உறையவைப்பது. பானகோட்டா போன்ற இனிப்புகளில், விலங்கின் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் இருக்கும். இவை எதையும் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே இடம் பதிவு செய்யும்போதே எழுதிவிடுங்கள்: இறைச்சி, மீன், முட்டை, அவற்றின் சாறு, கொழுப்பு எதுவும் ஆகாது என்று பெயர் சொல்லியே எழுத வேண்டும். வெறுமனே "சைவம்" என்றால் மீன் சாப்பிடுவீர்களா என்று திருப்பிக் கேட்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

பன்றியும் மாடும் தவிர்ப்பவர்களுக்கு வேறு சிக்கல். 1840களில் இங்கே குடியேறிய ஜெர்மன் மொழி பேசும் லூத்தரன் குடும்பங்கள் புகையிட்ட இறைச்சிக் கலையையும் கூடவே கொண்டுவந்தன. பரோசாச் சமையலின் முதுகெலும்பே அதுதான். ஸ்பெக், பான்செட்டா, புரொஷூட்டோ, ந்துயா எல்லாம் பன்றி. மெட்வுர்ஸ்ட் என்னும் தொத்திறைச்சியில் மாட்டிறைச்சியும் சேர்வதுண்டு. டார்டார், கார்பாச்சோ, குரூடோ என்று கண்டால் அது பெரும்பாலும் இறைச்சியையோ மீனையோ பச்சையாகப் பரிமாறுவது. ஹலால் பார்ப்பவர்கள், குழம்புகளில் வைன் ஊற்றிச் சமைப்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

கலந்த கூட்டத்தில் சைவர் ஒருவரே என்றால் நடப்பது இது: காளான் தட்டு வந்ததும் இறைச்சி சாப்பிடுகிறவர்களும் ஆசையாக ஆளுக்கொரு கரண்டி எடுப்பார்கள், சைவருக்கு மிஞ்சுவது ரொட்டி. அவர் பங்கு பில்லில் மட்டும் சமமாக இருக்கும். காய்கறித் தட்டுகளை இரண்டு இரண்டாகச் சொல்லுங்கள். அல்லது சமையற்காரரே தேர்ந்து அனுப்பும் 'ஃபீட் மீ' முறையை எடுங்கள். தலைக்கு இவ்வளவு என்று விலை, மேசையிலிருக்கும் எல்லோரும் அதையே எடுக்க வேண்டும் என்று பொதுவாக நிபந்தனை இருக்கும். முன்கூட்டியே சொல்லியிருந்தால் சைவருக்குத் தனித் தட்டுகள் வரும். என்னைக் கேட்டால் முதல் முறை போகிறவர்களுக்கு இதுதான் நிம்மதி.

வைன் குடிப்பவர்களுக்கு: புட்டியாக வாங்கினால் கிண்ணத்தில் கொஞ்சம் ஊற்றிக் காத்திருப்பார்கள். வைன் கெட்டுப்போயிருக்கிறதா என்று பார்க்கத்தான் அது. பிடிக்கவில்லை என்று திருப்புவதற்கு அல்ல. திருகு மூடி பரவிய பிறகு தக்கையால் கெடுவது குறைந்துவிட்டது. முகர்ந்து பார்த்துத் தலையசைத்தால் போதும். காரம் உள்ள தட்டுக்குக் கனத்த ஷிராஸ் எரிச்சலைக் கூட்டும். பக்கத்து ஈடன் பள்ளத்தாக்கின் ரீஸ்லிங் என்னும் வெள்ளை வைன் இதமாக இருக்கும். வைனைத் தெளியவைக்க முட்டை வெள்ளைக்கருவோ மீனின் காற்றுப் பையோ பயன்படுத்துவதுண்டு. கறாரான சைவர்கள் 'வீகன்' வைன் என்று கேட்டு வாங்கலாம்.

குடிக்காதவர்கள் கூச்சப்பட ஒன்றும் இல்லை. குழாய்த் தண்ணீர் இலவசம். பழுக்காத திராட்சையின் புளிப்புச் சாறான வெர்ஜூஸை சோடாவோடு கலந்து தரும் இடம் கிடைத்தால் விடாதீர்கள். சமையற்கலைஞர் மேகி பியர் 1984-இல் இதே பரோசாவில் அதை வணிக முறையில் தயாரிக்கத் தொடங்கினார். நம் நாக்குக்கு அது உடனே பிடித்துப்போகும்.

மெனுவில் போட்ட விலையில் வரி அடங்கிவிட்டது. டிப்ஸ் கட்டாயமில்லை. ஞாயிறு, பொது விடுமுறை நாட்களில் ஊழியர் சம்பளம் கூடுதல் என்பதால் 10, 15 சதவீதம் மேல்கட்டணம் போடுகிற இடங்கள் உண்டு. அதை மெனுவிலேயே அறிவித்திருக்க வேண்டும். பதிவு செய்துவிட்டுப் போகாமல் இருந்தால் கார்டிலிருந்து பணம் எடுத்துக்கொள்ளும் இடங்களும் இருக்கின்றன. முன்னதாகவே ரத்து செய்யுங்கள்.

சாப்பிட்ட பின் படம் எடுக்கத் திராட்சை வரிசைக்குள் இறங்கத் தோன்றும். வேண்டாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் தோட்டங்களை அழித்த ஃபிலோக்ஸெரா என்னும் பூச்சி தெற்கு ஆஸ்திரேலியாவுக்குள் நுழைந்ததில்லை. 1843-இல் நட்ட கொடிகள் இங்கே இன்னும் காய்க்கின்றன. செருப்பில் ஒட்டும் மண்ணோடு அந்தப் பூச்சி வந்துவிடக்கூடும். வேறு மாநிலத்துத் தோட்டத்துக்குப் போய்வந்த காலணி என்றால் இன்னும் ஆபத்து. வேலிக்கு வெளியே நின்றே படம் எடுங்கள். குழந்தைகளிடமும் முன்பே சொல்லிவையுங்கள்.