யானைக்குப் பூசணி கழுவப் போகலாமா? பிள்ளைகளோடு சியாங் மாய் செல்பவர்களுக்கு ஒரு செய்முறை

தாய்லாந்து போகலாம் என்று வீட்டில் பேச்சு வந்ததும், 15 வயது மகள் ஒரே நிபந்தனைதான் போட்டாள். கடற்கரை, ஷாப்பிங் எல்லாம் உங்கள் இஷ்டம். நான்கு நாளாவது மீட்கப்பட்ட யானைகள் இருக்கும் இடத்தில் தன்னார்வலராக வேலை செய்ய வேண்டும். "யானை லத்தி அள்ள ப்ளேன் ஏறிப் போகணுமாடி? டாப்ஸ்லிப்புக்கு பஸ் ஏறினா ஆகாதா?" என்றார் அவள் பாட்டி. நாங்கள் கோயம்புத்தூர்க்காரர்கள், பக்கத்து ஆனைமலையில் டாப்ஸ்லிப்பிலேயே யானை முகாம் உண்டு, கேள்வி நியாயமானதுதான். ஆனாலும் வடக்குத் தாய்லாந்து நகரமான சியாங் மாய்க்குப் போனோம். முதல்முறை போகிறவர்களுக்காக, நாங்கள் செய்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

1. யாரிடமிருந்து மீட்டார்கள் என்று முதலில் படிக்கச் சொல்லுங்கள்

டிக்கெட் போடுவதற்கு முன் செய்ய வேண்டியது இது. தாய்லாந்தில் யானைகள் காலங்காலமாகக் காட்டில் தேக்கு இழுத்தவை. 1988 நவம்பரில் நாட்டின் தெற்கில் பெருவெள்ளமும் மண்சரிவும் வந்து நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். காட்டை வெட்டியதுதான் காரணம் என்று எழுந்த எதிர்ப்பில், 1989 ஜனவரியில் வணிகத்துக்காக மரம் வெட்ட அரசு தடை போட்டது. காட்டுக்கு நல்லது, யானைக்கும் பாகனுக்கும் ஒரே நாளில் பிழைப்பு போனது. அப்புறம்தான் நகரத் தெருவில் பிச்சை, அம்பாரி கட்டிச் சவாரி, கால்பந்து விளையாட்டு எல்லாம் பெருகின.

குட்டியைத் தாயிடமிருந்து பிரித்து, திரும்பக்கூட இடமில்லாத மரக்கூண்டில் அடைத்து, அடித்துப் பணிய வைக்கும் 'பாஜான்' முறையைப் பற்றியும் பிள்ளை தெரிந்துகொள்ள வேண்டும். படித்துவிட்டு என் மகள் இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. அதனால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. சவாரிக் கவுண்டரைப் பார்த்தால் ஏன் விலகிப் போகிறோம் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

2. இடத்தைத் தேர்ந்தெடுங்கள்

இங்கேதான் நாங்கள் ஏமாந்தோம். முதலில் முன்பணம் கட்டிய இடத்தின் பெயரிலேயே 'சரணாலயம்' இருந்தது. இன்ஸ்டாகிராமில் ஒரு வருடம் பின்னால் போய்ப் பார்த்தால், குட்டி யானையின் கழுத்தில் உட்கார்ந்து ஒரு சிறுவன் சிரிக்கிறான். பணம் பாதிதான் திரும்பி வந்தது.

எனவே என் அளவுகோல் ஒன்றே ஒன்று. விலங்கைத் தொட எவ்வளவு குறைவாக விடுகிறார்களோ, அந்த இடம் அவ்வளவு நல்லது. சவாரி, ஓவியம் வரையும் யானை போன்றவை இருந்தால் உடனே விட்டுவிடலாம். 'யானையோடு குளியல்' கேட்க இனிமையாக இருக்கும். தினமும் கூட்டம் கூட்டமாக வரும் அந்நியர்களோடு சொன்ன நேரத்துக்குக் குளிக்க வேண்டும் என்றால், அதுவும் யானைக்கு ஒரு வேலைதான். குட்டிகள் வருடம் தவறாமல் பிறந்துகொண்டிருந்தாலும் யோசியுங்கள். மீட்பு இல்லத்துக்கு அத்தனை குட்டிகள் எதற்கு?

சியாங் மாயிலிருந்து வடக்கே சுமார் 60 கிலோமீட்டரில், மே தேங் பள்ளத்தாக்கில் இருக்கும் எலிபன்ட் நேச்சர் பார்க் இவற்றில் நன்றாக அறியப்பட்டது. செங்துவான் சைலேர்ட் என்ற பெண்மணி 1990-களில் தொடங்கியது. எல்லோரும் அவரை 'லெக்' என்பார்கள். தாய் மொழியில் சின்னது என்று பொருள். அங்கே சவாரி கிடையாது. 2024 அக்டோபர் வெள்ளத்தில் அந்த இடமே மூழ்கி, இரண்டு யானைகள் இறந்தன. நாங்கள் போனது அதே வழியில் நடக்கும், அதைவிடச் சின்ன இல்லம்.

3. தேதி

நம் பள்ளிகளின் ஏப்ரல், மே விடுமுறை இதற்குச் சரிப்படாது. மார்ச், ஏப்ரலில் வயலையும் காட்டையும் எரிக்கும் புகை சியாங் மாயை மூடிக்கொள்ளும். போதாததற்கு, நம் சித்திரைப் பிறப்பை ஒட்டியே அவர்களுக்கும் புத்தாண்டு. சொங்க்ரான் என்று சில நாளுக்கு ஊரே தண்ணீர் ஊற்றி விளையாடும். பார்க்க அழகு, பயணத்துக்குத் தொல்லை. டிசம்பர் அரையாண்டு விடுமுறை சிறியதுதான், ஆனால் வானிலை அருமை.

4. மின்னஞ்சலைப் பிள்ளையே எழுதட்டும்

நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள், கீபோர்டைத் தொடாதீர்கள். கேட்க வேண்டியவை: குறைந்தபட்ச வயது என்ன? பல இடங்களில் 18. சில இடங்களில் பெற்றோர் கூடவே வேலை செய்தால் சிறியவர்களையும் சேர்ப்பார்கள். சுற்றுலாப் பயணியாக வந்து இந்த வேலையைச் செய்யச் சட்டப்படி அனுமதி உண்டா? கட்டணத்தில் தங்குமிடமும் சாப்பாடும் அடங்குமா? பக்கத்து ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம்? ஆம், தன்னார்வலர்தான் பணம் கட்ட வேண்டும். யானைத் தீனிக்குப் போகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

5. ஊசியும் தாளும்

மீட்பு இல்லங்களில் பெரும்பாலும் நாய்களும் இருக்கும். வெறிநாய்க்கடி தடுப்பூசியை முன்கூட்டியே போடுவது பற்றி, கிளம்ப ஒரு மாதம் இருக்கும்போதே டாக்டரிடம் கேளுங்கள். இரண்டோ மூன்றோ தவணை. டெட்டனஸ் ஊசியின் பாதுகாப்புக் காலம் முடிந்திருந்தால் அதையும் போட்டுவிடலாம். வெறிநாய்க்கடி ஊசி முன்பே போட்டிருந்தாலும், கடிபட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும்.

தாய்லாந்து 2025 மே முதல் டிஜிட்டல் வருகை அட்டை கேட்கிறது. போய்ச் சேர்வதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். இலவசம். காசு கேட்கும் தளம் வந்தால் மூடிவிடுங்கள்.

6. வேலை

காலை ஆறரைக்கு எழுப்பிவிட்டார்கள். முதல் வேலை லத்தி. வளர்ந்த யானை ஒரு நாளைக்குச் சுமார் 150 கிலோ தின்னும், அதில் பாதிகூடச் செரிக்காது. மீதி எங்கே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. மண்வெட்டி, தள்ளுவண்டி, ரப்பர் பூட்ஸ். நாற்றம் பயந்த அளவுக்கு இல்லை, காய்ந்த வைக்கோல் மாதிரிதான். மகள் பத்தாவது நிமிடத்தில் பழகிவிட்டாள். எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது.

அப்புறம் தீனிக் கொட்டகை. லாரியில் தர்பூசணியும் பூசணியும் வந்து இறங்கும். வரிசையாக நின்று கைமாற்றி அடுக்க வேண்டும். பூச்சிமருந்து போகத் தொட்டியில் போட்டு ஒவ்வொன்றாகத் தேய்த்துக் கழுவ வேண்டும்.

எனக்குப் பிடித்தது கிழட்டு யானைகளுக்கான சாப்பாடு. யானைக்கு ஆயுளில் ஆறு முறை கடைவாய்ப் பல் முளைக்கும். அறுபது வயதை ஒட்டி கடைசிச் செட்டும் தேய்ந்துவிட்டால் புல்லை அரைக்க முடியாது. காட்டில் என்றால் அதோடு பட்டினிதான். இங்கே வாழைப்பழத்தையும் வெந்த அரிசியையும் புளியோடு பிசைந்து உருண்டை பிடிக்கிறார்கள். பாட்டி ஊட்டும் கவளம் போலவே இருக்கும். "பெரிசா பிடி, அது என்ன பட்டாணியா?" என்று நான் மகளை விரட்டினேன். உருண்டையைக் கொண்டுபோய்க் கொடுப்பது பாகன் மட்டும்தான். நாங்கள் வேலிக்கு இந்தப் பக்கம்.

மதியத்துக்குமேல் வேலை குறைவு. அந்த நேரத்தில் ஒரு யானையை மட்டும் தேர்ந்தெடுத்து, அரைமணி நேரம் பார்த்து நோட்டில் எழுதச் சொல்லுங்கள்: என்ன தின்றது, யாரோடு நின்றது, எந்தக் காலை ஊன்றாமல் நின்றது. போன் எடுக்காமல்.

7. விடக்கூடாத சில

சளி, இருமல் இருந்தால் விலங்குகளிடம் போகாதீர்கள். காசநோய் மனிதரிடமிருந்து யானைக்குத் தொற்றியதுண்டு. குரங்குக் கூண்டருகே விரலை நீட்ட வேண்டாம். கம்மல், கண்ணாடியைக் கழற்றி வையுங்கள். யானையின் பின்னால் நிற்காதீர்கள், ஓடாதீர்கள். பாகன் 'நில்' என்று கை காட்டினால் ஏன் என்று கேட்காமல் நில்லுங்கள்.

கிளம்பும்போது பூட்ஸின் அடியில் இருக்கும் மண்ணை பிரஷ் போட்டுச் சுத்தமாகத் தேய்த்துவிடுங்கள். வேலை உடுப்புகளைத் தனிப் பையில் கட்டுங்கள். நாங்கள் எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டுக் கொண்டுவந்தோம். வீட்டில் பெட்டியைத் திறந்ததும் பாட்டி எட்டிப் பார்த்து, "பாதி யானையைக் கொண்டுவந்துட்டீங்க" என்றார்.