குழந்தை தன்னை வரையும்போது நாம் கெடுக்கும் இடங்கள்

ஆரம்பப் பள்ளிக் குழந்தைகளுக்கு ஓவிய வகுப்பு எடுக்கப் புதிதாக வருபவர்களோடு கூடவே உட்கார்ந்து கவனிப்பதும் என் வேலைதான். "நான் யார்" என்று தலைப்புக் கொடுத்து வரையச் சொல்வார்கள். அதுவரை சரி. அடுத்த அரை மணி நேரத்தில், நான் ஒரு காலத்தில் செய்த சொதப்பல்கள் எல்லாம் வரிசையாக அரங்கேறும். குழந்தையைத் திட்டக் கூடாது, பக்கத்துப் பிள்ளையோடு ஒப்பிடக் கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அதனால் நல்ல மனதோடு செய்து கெடுப்பவற்றை மட்டும் எழுதுகிறேன்.

பெரியவர்களின் பட்டியலிலிருந்து அடையாளம் கேட்பது

"உன் பண்பாட்டை வரை" என்பார்கள். கொடி, உடை, விழா என்று முப்பது தாளிலும் ஒரே படம் வந்து நிற்கும். வேறு நாட்டிலிருந்து வந்த குழந்தை வகுப்பில் இருந்தால் இன்னும் பாவம், அந்த நாட்டுக்கே அது பிரதிநிதி ஆகிவிடும். பிறந்த ஊரைச் சரியாக நினைவில்லாத குழந்தையாகக்கூட இருக்கலாம்.

ஏழு வயதில் ஒரு குழந்தை தன்னைப் பற்றி நினைத்துக்கொண்டிருப்பது வேறு. முன்பல் விழுந்தவன், தம்பியைத் தூக்கத் தெரிந்தவள், இருட்டைக் கண்டால் போர்வைக்குள் போகிறவன். அதை வெளியே கொண்டுவரச் சின்னக் கேள்விதான் உதவும். "உன் கைக்கு என்னவெல்லாம் செய்யத் தெரியும்?" "உன் பையில் எப்போதும் என்ன கிடக்கும்?" "கோபம் வந்தால் எங்கே போய் உட்காருவாய்?" பண்பாடு வர வேண்டுமென்றால் இந்தப் பதில்களுக்குள் தானாக வரும்.

பலகையில் மாதிரி வரைந்து காட்டுவது

காட்டினால் அதுதான் திரும்பி வரும்.

குழந்தையின் தாளில் உங்கள் பென்சில்

இது ஒன்றைப் பார்த்தால் எனக்கு இன்றும் எரிச்சல் அடங்காது.

ஒரு பள்ளியில் கண்காட்சிக்கு முந்தின நாள். இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் தங்களையே வரைந்த படங்கள் மேஜை முழுக்கப் பரப்பிக் கிடந்தன. ஒரு சிறுமியின் படத்தில் உடம்பு சின்னது; கைகள் முழங்காலைத் தாண்டித் தொங்கின; உள்ளங்கை முகத்தைவிடப் பெரியது. புதிதாக வந்த ஆசிரியை ரப்பரை எடுத்துக் கைகளை அழித்து, அளவாக வரைந்து, விரல்களை ஐந்தைந்தாக எண்ணி வைத்தார். "லேசா சரி பண்ணிட்டேன்" என்றார். சரியாகத்தான் இருந்தது. யாருடைய படம் என்றுதான் தெரியவில்லை. அந்தச் சிறுமி விளையாட்டு நேரத்தில் கோல் கீப்பர். ஆண் பிள்ளைகள் அடிக்கும் பந்தையும் பிடிப்பவள் என்று வகுப்பே சொல்லும். அவள் தன்னைப் பற்றிச் சொல்ல நினைத்த ஒரே சேதி அந்தக் கைகளில்தான் இருந்தது.

கண்காட்சியில் அவள் தன் படத்தின் பக்கமே போகவில்லை. அடுத்த வகுப்பில் வெற்றுத் தாளை அந்த ஆசிரியையிடமே நீட்டினாள்: "நீங்களே வரைஞ்சு குடுங்க, மிஸ்."

ஏன் இப்படி ஆகிறது என்றால், குழந்தையின் படத்தைப் பெரியவர் கண்ணால் அளக்கிறோம். குழந்தை ஓவியத்தின் வளர்ச்சி நிலைகளைக் கலைக் கல்வியாளர் விக்டர் லோவன்ஃபெல்ட் 1947-லேயே வகுத்து எழுதிவிட்டார். அவர் கணக்கில் ஏறக்குறைய 4 முதல் 7 வயது ஒரு நிலை, 7 முதல் 9 அடுத்தது, அதன் பிறகு கண்ணுக்குத் தெரிவதுபோல் வரைய வேண்டும் என்ற ஆசை எட்டிப் பார்க்கும் நிலை. அந்த ஆசை வரும் முன்னால் குழந்தை வரைவது கண்ணால் பார்த்ததை அல்ல, தனக்குத் தெரிந்ததையும் தனக்கு முக்கியமானதையும். அதனால்தான் முக்கியமானது பெரிதாகும், முக்கியமில்லாதது காணாமலே போகும். காகிதத்தின் அடியில் ஒரு கோடு இழுத்து, எல்லாரையும் அதன்மேல் நிறுத்தும். வீட்டுச் சுவருக்குள்ளே கட்டிலும் பாட்டியும் தெரிவார்கள். இவையெல்லாம் பிழை என்று நினைத்துத்தான் கை பரபரக்கிறது. அந்த வயதில் அதுதான் இலக்கணம்.

எழுத்துப் பிழையைத் திருத்துகிறோமே, படத்தைத் திருத்தினால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. எழுத்துக்கு எல்லோருக்கும் பொதுவான ஒரு வடிவம் இருக்கிறது. ஒரு குழந்தை தன்னை எப்படி நினைக்கிறது என்பதற்கு எந்த வடிவத்தை வைத்துத் திருத்துவீர்கள்? ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது வாயைப் பொத்திவிட்டு அவர் குரலில் நாமே பேசி முடிப்பதுபோல் இருக்கிறது இது.

சேதம் உடனே தெரியாது. ஒன்பது, பத்து வயதில் குழந்தைக்குத் தன் படத்தின்மீதே சந்தேகம் வரும், அது இயல்பு. "எனக்கு வரைய வராது" என்று பலர் முடிவு கட்டிப் பென்சிலைக் கீழே வைப்பதும் இந்த வயதில்தான். அதற்கு முன்பே நாலைந்து பேர் ரப்பரோடு வந்து போயிருந்தால், அந்த முடிவுக்கு வரக் குழந்தைக்கு வேறு சாட்சி வேண்டாம்.

சரி, "குதிரைக் கால் வரமாட்டேங்குது" என்று குழந்தையே உதவி கேட்டால்? தாளைத் தொடாமல் உதவலாம். குதிரைபோல் நடந்து காட்டச் சொல்லுங்கள். கால் எங்கே மடங்குகிறது என்று கேளுங்கள். ஒரு படத்தைச் சேர்ந்து பாருங்கள். வரைந்து காட்டியே ஆக வேண்டுமென்றால் தனித் தாளில், இரண்டு மூன்று விதமாக. பிறகு அதைக் குப்பையில் போட்டுவிடுங்கள், பார்த்து எழுத எதுவும் மிஞ்சக் கூடாது. நான் மேஜைகளுக்கு நடுவே நடக்கும்போது கைகளைப் பின்னால் கட்டிக்கொள்வேன். பார்க்கக் கொஞ்சம் தலைமையாசிரியர் தோரணையாக இருக்கும், பரவாயில்லை.

கண்காட்சிக்கு யாராவது பெரிய மனிதர் வருகிறார் என்பதற்காகத் திருத்துவது தனி ரகம். அதைப் பற்றி எழுதினால் மரியாதையாக எழுத வராது.

தோலுக்கு ஒரே கிரேயான்

முகத்துக்கு வண்ணம் என்றதும் வெளிர் இளஞ்சிவப்பை நீட்டும் பழக்கம் இன்னும் போகவில்லை. அமெரிக்காவின் கிரயோலா நிறுவனம் அப்படி ஒரு கிரேயானுக்குச் சதையின் நிறம் என்றே பெயர் வைத்திருந்து, 1962-ல் 'பீச்' என்று மாற்றியது. தோல் நிறங்களுக்கென்றே 24 கிரேயான்கள் கொண்ட பெட்டியை அது வெளியிட்டது 2020-ல். பெட்டி வாங்க வேண்டிய அவசியமில்லை. சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றையும் கலந்தால் பழுப்பு வரும். வெள்ளை சேர்த்தால் வெளிறும், நீலம் கூடினால் கறுக்கும், மஞ்சள் கூடினால் மாநிறத்தின் பக்கம் வரும். மணிக்கட்டில் ஒரு துளி வைத்துப் பார்த்துப் பார்த்துத் தன் நிறத்தைக் குழந்தையே கண்டுபிடிக்கட்டும். ஒரு வகுப்பு முழுக்க இதற்கே போகும். போகட்டும். தன்னை ஊதாவாக வரைய ஆசைப்பட்டால் அதுவும் அதன் இஷ்டம்.

படத்தை வைத்து ஜோசியம் சொல்வது

ஒரு பையன் தாளின் ஓரத்தில் விரல் நகம் அளவுக்குத் தன்னை வரைந்திருந்தான். தன்னம்பிக்கை இல்லாத பிள்ளை என்று பயிற்சி ஆசிரியர் பதறிவிட்டார். கேட்டால், "மீதி இடம் நாய் ஓடுறதுக்கு" என்றான். ஒரே ஒரு படத்தை வைத்து மனதைக் கணிப்பது நம்பத்தக்க முறை இல்லை. கறுப்பு என்றால் சோகம், பல் தெரிந்தால் கோபம் என்கிற அகராதியைத் தூக்கிப் போடுங்கள். "இதைப் பற்றிச் சொல்லேன்" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் வழி. பயமோ காயமோ திரும்பத் திரும்ப வந்தால், அல்லது குழந்தை சொல்லும் விஷயம் உறுத்தினால், நீங்களே முடிவு கட்டாமல் பள்ளியின் ஆலோசகரிடம் அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

குடும்பப் படத்துக்கு அச்சடித்த கட்டங்கள்

அப்பா, அம்மா என்று கட்டம் போட்ட தாளைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். வெற்றுத் தாள் போதும்.

பரிசு

1973-ல் உளவியலாளர் மார்க் லெப்பரும் கூட்டாளிகளும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வரைவதில் ஏற்கெனவே ஆசை இருந்த மழலையர் பள்ளிக் குழந்தைகளில் ஒரு பகுதியினருக்கு, வரைந்தால் சான்றிதழ் தருவதாக முன்கூட்டியே சொன்னார்கள். சில நாள் கழித்துப் பார்த்தால், அவர்கள் தாங்களாக வரைந்த நேரம் மற்றவர்களோடு ஒப்பிட ஏறக்குறைய பாதிதான். தொடக்கப் பள்ளியைவிடச் சின்னப் பிள்ளைகள்தான் அவர்கள், ஆனாலும் நான் வகுப்பில் பார்ப்பதும் இதையேதான். "நான் யார்" என்ற படத்துக்கு முதல் பரிசு என்றால் இரண்டாம் பரிசு பெற்ற குழந்தை என்ன நினைத்துக்கொள்ளும் என்று விழா நடத்துபவர்கள் யோசிப்பதாகத் தெரியவில்லை.

கேட்காமல் சுவரில் மாட்டுவது

"மாட்டலாமா?" ஒரு வார்த்தை. வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

தாளின்மேலேயே எழுதுவது

பெயர், தேதி, மதிப்பெண், ஸ்டார் எதுவும் படத்தின்மேல் வேண்டாம். குழந்தை சொன்னதை அதன் வார்த்தையிலேயே தனிச் சீட்டில் எழுதிப் பின்பக்கம் ஒட்டுங்கள், தேதியும் அங்கேயே. ஆண்டுக் கடைசியில் எல்லாவற்றையும் வரிசையாகப் பரப்பி, முதலில் குழந்தையிடம் காட்டுங்கள். பெற்றோருக்கு அப்புறம் காட்டிக்கொள்ளலாம்.