தகவல் அறியும் உரிமைச் சட்டம் எந்த அமைப்புகளுக்குப் பொருந்தும்?

தகவல் கோரி மனு எழுதும் முன், அதைப் பெறப்போகும் அமைப்பு 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு 2(எச்) கூறும் 'பொது அதிகார அமைப்பு' தானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அரசியலமைப்பாலோ, நாடாளுமன்ற, சட்டமன்றச் சட்டங்களாலோ, அரசாணையாலோ உருவானவை அனைத்தும் இதில் அடங்கும் என்பதால், ஊராட்சி அலுவலகம், மின் வாரியம், அரசுப் பல்கலைக்கழகம் பற்றி ஐயமே வேண்டாம்.

பலரும் தயங்குவது அரசு உதவிபெறும் கல்லூரிகளிடம்தான். அரசு நிதி கணிசமாகக் கிடைக்கும் அரசு சாரா நிறுவனங்களுக்கும் சட்டம் பொருந்தும் என்றும், உதவிபெறும் கல்வி நிறுவனங்கள் அவ்வகையில் வரக்கூடும் என்றும் உச்ச நீதிமன்றம் 2019இல் தெளிவுபடுத்தியுள்ளது. ஆகவே 'நாங்கள் தனியார்' என்ற ஒற்றை வரிப் பதிலோடு திரும்பிவிடாதீர்கள். கூட்டுறவுச் சங்கங்களின் நிலை வேறு: பதிவாளரின் பொதுவான மேற்பார்வை மட்டும் போதாது என்று அதே நீதிமன்றம் 2013இல், கேரளக் கூட்டுறவு வங்கி வழக்கில் கூறியது.

முழுமையான தனியார் நிறுவனத்திடம் நேரடியாகக் கேட்க இயலாது. ஆனால், வேறொரு சட்டத்தின்படி அந்நிறுவனத்திடமிருந்து அரசு அமைப்பு பெறக்கூடிய விவரங்களை, பிரிவு 2(எஃப்)-இன்படி அந்த அரசு அமைப்பிடம் கோரலாம். இவ்வழியைப் பயன்படுத்துவோர் மிகக் குறைவு என்பது என் வருத்தம்.

உளவுத்துறை, சி.பி.ஐ. போன்றவை பிரிவு 24-இன்படி விலக்குப் பெற்றவை. எனினும் ஊழல், மனித உரிமை மீறல் குற்றச்சாட்டுகள் தொடர்பான தகவலுக்கு அந்த விலக்கு இல்லை. மனு தவறான அரசு அலுவலகத்துக்குச் சென்றுவிட்டால், 5 நாட்களுக்குள் உரிய அலுவலகத்துக்கு அதை மாற்றி அனுப்புவது அவர்களது கடமை.