டர்போ இன்ஜினுக்கு உள்பாகம் வாங்கும் முன்: பிஸ்டன் முதல் பேரிங் வரை

"அண்ணே, ஃபோர்ஜ்ட் பிஸ்டன் போட்டா எத்தனை குதிரைசக்தி கூடும்?" டர்போ பெட்ரோல் கார் வாங்கிய தம்பிகள் முதலில் கேட்பது இதைத்தான். ஃபோர்ஜ்ட் என்றால் வார்க்காமல், அழுத்தி அடித்து உருவாக்கியது. ஒன்றும் கூடாது. சக்தியைக் கூட்டுவது டர்போவும் எரிபொருளும் டியூனிங்கும். உள்பாகங்களுக்கு அதைத் தாங்குகிற வேலை மட்டும்தான். அதனால் கடைப் பட்டியலை மூடி வைத்துவிட்டு, கீழே உள்ள வரிசையில் யோசியுங்கள்.

1. முதலில் பெட்ரோல், அப்புறம் பிஸ்டன்

களியக்காவிளையிலிருந்து மார்த்தாண்டம், தக்கலை வழியாக நாகர்கோவில் வருகிற சாலையில் வண்டி பெரும்பாலும் இரண்டாவது, மூன்றாவது கியரில்தான் ஓடும். ஆரல்வாய்மொழி தாண்டினால்தான் ரோடு திறக்கும். இந்த ஓட்டத்துக்கு வேண்டியது 3000 ஆர்.பி.எம்.மில் கிடைக்கிற இழுவை. 8000 ஆர்.பி.எம்.மில் கிடைக்கிற சக்தியால் நமக்குப் பயனில்லை.

ஆக்டேன் என்பது பெட்ரோல் நாக்கிங்கை (கலவை தாறுமாறாக வெடித்து எரிவதை) எவ்வளவு தாங்கும் என்பதற்கான எண். பல ஆண்டுகள் சாதாரண பெட்ரோல் 91 ஆக்டேன், பிரீமியம் 95 என்று இருந்தது. இந்தியன் ஆயில் 2020 டிசம்பரில் 100 ஆக்டேன் பெட்ரோலைக் கொண்டுவந்தது. ஆனால் அது எல்லா பங்கிலும் கிடைக்காது. உங்கள் ஊர் பங்கில் தினமும் எது கிடைக்குமோ அதற்குத்தான் இன்ஜின் கட்ட வேண்டும். 100-க்குக் கட்டிவிட்டுக் குறைந்த ஆக்டேன் ஊற்றினால் நாக்கிங் வரும். நாக்கிங் வந்தால் எந்த பிஸ்டனும் நெடுநாள் தாங்காது.

2. கம்ப்ரஷன் கணக்கு

1200 சிசி, நான்கு சிலிண்டர் என்றால் ஒரு சிலிண்டருக்கு 300 சிசி. பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது மேலே மிஞ்சும் இடம் 37.5 சிசி என்றால், (300 + 37.5) ÷ 37.5 = 9. அதாவது கம்ப்ரஷன் 9:1; கலவை ஒன்பதில் ஒரு பங்கு இடத்துக்குள் அமுக்கப்படுகிறது. போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 75 மி.மீ. என்று வைத்து, பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவே வரும் கேஸ்கட்டை அரை மி.மீ. தடிமனாகப் போட்டால் அந்த இடம் 2.2 சிசி கூடி, கம்ப்ரஷன் சுமார் 8.6-க்கு இறங்கும். இது மலிவான வழிதான், ஆனாலும் எனக்குப் பிடிக்காது. பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் இடைவெளி கூடினால் கலவை சரியாகச் சுழலாது, நாக்கிங் பக்கம்தான் சாயும். மேல்தலையில் குழியுள்ள பிஸ்டன் வாங்கிக் குறைப்பதே சரி. பழைய வகை, வால்வுக்கு வெளியே பெட்ரோல் பீய்ச்சும் போர்ட் இன்ஜெக்‌ஷன் இன்ஜினில் பங்க் பெட்ரோலுக்கு 8.5 முதல் 9.5 வரை வைத்துக்கொள்ளலாம். சிலிண்டருக்குள்ளேயே பீய்ச்சும் டைரக்ட் இன்ஜெக்‌ஷன் என்றால் அதற்கு மேலும் போகலாம்.

3. பிஸ்டன்

ஃபோர்ஜ்ட் பிஸ்டனில் பொதுவாக இரண்டு அலாய் (அலுமினியக் கலவை) உண்டு. 4032-இல் சிலிக்கான் சுமார் 12 சதவீதம். சூட்டில் அதிகம் விரியாது, அதனால் சுவர் இடைவெளியைக் குறைவாக வைக்கலாம். 2618-இல் சிலிக்கான் மிகக் குறைவு. அடி தாங்கும், ஆனால் அதிகம் விரியும். இடைவெளி கூடுதலாக விடுவதால், காலையில் ஸ்டார்ட் செய்ததும் டொக் டொக்கென்று சத்தம் வரும், சூடானதும் அடங்கிவிடும். தினமும் ஆபீஸுக்கும் கடைக்கும் ஓடுகிற வண்டிக்கு 4032 போதும்.

4. கனெக்டிங் ராடு

டர்போ வண்டியில் ராடு (பிஸ்டனைக் கிராங்க் ஷாஃப்ட்டோடு இணைக்கும் தண்டு) வளைவது பெரும்பாலும் குறைந்த ஆர்.பி.எம்.மில் பூஸ்ட் (டர்போ தள்ளும் காற்றின் அழுத்தம்) சட்டென்று ஏறும்போதுதான். அதிக ஆர்.பி.எம். வேறு வேலை செய்யும்: ராடையும் போல்ட்டையும் இழுக்கும். வேகம் இரண்டு மடங்கானால் இழுவை நான்கு மடங்கு. ஆகவே 4340 ஸ்டீல் ராடு வாங்கினால் அதோடு நல்ல போல்ட்டும் வாங்குங்கள். செலவைக் குறைக்க வேண்டுமானால் வீலில் குறையுங்கள், போல்ட்டில் வேண்டாம்.

5. ரிங் கேப்

ரிங் கேப் என்பது பிஸ்டன் ரிங்கின் இரு முனைகளுக்கு நடுவே விடும் இடைவெளி. புதியவர்கள் கவனிக்காத இடம் இதுதான். பூஸ்ட் கூடினால் ரிங் அதிகம் சூடாகி விரியும்; முனைகள் ஒன்றோடொன்று முட்டினால் பிஸ்டனின் ரிங் பள்ளமே உடைந்து வரும். டாப் ரிங்குக்குத் தோராயமாக, போர் மில்லிமீட்டரை 0.005-ஆல் பெருக்குங்கள். 75 மி.மீ. போருக்கு 0.375. இறுதி அளவு பிஸ்டன் பெட்டியில் வரும் தாளில் இருக்கும்.

ரிங்கைப் போரில் வைத்து, பிஸ்டனைத் தலைகீழாகப் பிடித்து ஓர் அங்குலம் உள்ளே தள்ளினால் ரிங் நேராக உட்காரும். முனைகளுக்கு நடுவே ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டுப் பாருங்கள். குறைவாக இருந்தால் ஒரு முனையை மட்டும், வெளிப்பக்கத்திலிருந்து உள்பக்கமாக, ஒரே திசையில் அராவுங்கள். இரண்டு இழுப்பு, ஓர் அளவு. பொறுமை இல்லாவிட்டால் ரிங் செட்டே வீண்.

6. மற்றவை

பேரிங் இடைவெளி ஜர்னல் (பேரிங்குக்குள் சுழலும் கிராங்க் பகுதி) விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, 50 மி.மீ. ஜர்னலுக்கு 0.05 மி.மீ. ஹெட்டுக்குப் பழைய போல்ட் வேண்டாம், ஸ்டட் (பிளாக்கில் திருகி நிறுத்தி, மேலே நட்டு போடும் தண்டு) போடுங்கள். கேஸ்கட் பல அடுக்கு ஸ்டீல் வகை.

7. பட்டறை

பிஸ்டன் கைக்கு வரும் முன் பிளாக்கைப் போரிங் (சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்குவது) செய்யக் கொடுக்காதீர்கள். விவரம் தெரிந்த லேத் அண்ணாச்சி முதலில் கேட்பதே, "பிஸ்டன் கொண்டாந்தியா மக்கா?" என்றுதான். ஒவ்வொரு பிஸ்டனையும் மைக்ரோமீட்டரில் அளந்து, அதற்கேற்ப அந்தந்தப் போரை ஹோனிங் (சுவரைக் கல்லால் நுணுக்கமாகத் தேய்ப்பது) செய்ய வேண்டும்.

ஹோனிங் முடிந்ததும் சோப்புக் கலந்த வெந்நீரில் பிரஷ் போட்டுத் தேயுங்கள். வெள்ளைத் துணியால் துடைத்தால் கறை ஒட்டக் கூடாது. உடனே எண்ணெய் பூசிவிடுங்கள். குளச்சல், முட்டம் பக்கம் உப்புக் காற்றில் இரும்பு பிளாக்கை ஈரத்தோடு விட்டால், நீங்கள் டீ குடித்துவிட்டுத் திரும்புவதற்குள் போரில் துரு மஞ்சளாக ஏறியிருக்கும், திரும்பவும் ஹோனிங்தான்.