24-ஆல் வகுத்துப் பாருங்கள்: ஃபேர்லேடி 240இசட்ஜி மாடல் செய்முறை

1971-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த நிஸான் ஃபேர்லேடி 240இசட்ஜி, 1/24 அளவில் செய்யத் தகுந்த வண்டிகளில் முதல் வரிசையில் வரும். கூராக நீண்ட முகம், விளக்குகள் மேல் கண்ணாடிபோன்ற மூடி, சக்கர வளைவுகளில் திருகு போட்டு இறுக்கிய ஓவர்ஃபெண்டர் (சக்கர வளைவை அகலமாக்கும் கூடுதல் விளிம்பு), மெரூன் நிறம். மாடல் கட்டுபவரின் கைத்திறனைச் சோதிக்கும் எல்லாமே இதில் இருக்கின்றன.

கருவியை எடுக்கும் முன் ஒரு கணக்கு. அசல் வண்டியின் நீளம் 4305 மி.மீ., அகலம் 1690, சக்கர இடைவெளி 2305. 24-ஆல் வகுத்தால் 179, 70, 96 மி.மீ. வெர்னியர் காலிப்பரால் உங்கள் கிட்டின் (மாடல் பாகங்கள் அடங்கிய பெட்டி) பாடியை அளந்து ஒப்பிடுங்கள். இந்த வகுத்தல் வேலை முடியும்வரை கூடவே வரும். பெயின்ட் 0.1 மி.மீ. கனமாக ஏறினால் அசல் வண்டியில் 2.4 மி.மீ. பெயின்ட் அப்பியதற்குச் சமம். பொம்மை போலத் தெரியும் மாடல்களில் பெரும்பாலானவை கெட்டுப்போவது இங்கேதான்.

பாடி

பாகங்களை, அவை கோத்து வரும் பிளாஸ்டிக் சட்டத்தோடு சேர்த்தே வெதுவெதுப்பான நீரில், பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு சொட்டு விட்டு, பழைய பல்துலக்கியால் கழுவிக் காய வையுங்கள். அச்சிலிருந்து வந்த எண்ணெய்ப் பசை ஒட்டியிருந்தால் பிரைமர் என்னும் அடிப்பூச்சு அந்த இடத்தில் பிடிக்காது. மாஸ்க்கிங் டேப்பை உரிக்கும்போது பெயின்ட்டும் கூடவே வரும்.

பாடியை மேஜை விளக்கின் கீழ் சாய்த்துப் பிடித்துத் திருப்பினால் அச்சுக் கோடுகள் தெரியும். முன் ஃபெண்டரின் முகட்டிலும் கூரைத் தூண்களிலும் அவசியம் தேடுங்கள். 600 நம்பர் உப்புத்தாளால் தேய்த்து, 1000-ஆல் முடியுங்கள். கூரையோரம் ஓடும் மழைநீர்க் காடியைத் தொடாதீர்கள். தேய்ந்துபோனால் திரும்பக் கொண்டுவருவது பெரும்பாடு.

அடுத்து கதவு, பானெட், பின்கதவு இடுக்குகள். அசல் வண்டியில் இடுக்கு ஏறக்குறைய 5 மி.மீ., அதாவது மாடலில் 0.2 மி.மீ. கிட்டில் அச்சடித்த கோடு பெரும்பாலும் அதைவிட அகலமாகவே இருக்கும். ஆகவே அகலப்படுத்தக் கூடாது, ஆழப்படுத்த வேண்டும். ஆழம் இருந்தால் உள்ளே இருட்டு நிற்கும், கண் அதை மெல்லிய இடுக்காக எடுத்துக்கொள்ளும். கோடு கீறும் கருவியான பேனல் ஸ்க்ரைபரை அழுத்தாமல், தன் எடையிலேயே போகவிட்டு எட்டுப் பத்து முறை இழுங்கள். அழுத்தினால் நுனி தடம் மாறிக் கதவின் நடுவே கீறிவிடும். பிரைமர், நிறம், கிளியர் (நிறமற்ற பளபளப்பு மேல்பூச்சு) மூன்றும் சேர்ந்து இந்தக் கோட்டை நிரப்பும் என்பதால் ஆழப்படுத்தும் வேலை பிரைமருக்கு முன்பே முடிந்தாக வேண்டும்.

ஓவர்ஃபெண்டர் தனிப் பாகமாக வந்தால் பலரும் உடனே பட்டி போட்டு, தேய்த்து, பாடியோடு ஒரே உடம்பாக்கிவிடுகிறார்கள். அசலில் அது தனியாகச் செய்து திருகால் இறுக்கிய பாகம். சேரும் கோடு வெளியே தெரியும், தெரியத்தான் வேண்டும். முகப்பு மூக்கும் ஃபெண்டரும் சேரும் கோடும் அப்படியே. இந்த இரண்டு கோடுகளுக்கும் பட்டி வேண்டாம். ஒன்றோடொன்று சரியாக உட்காரும்வரை உள்பக்கத்தைத் தேய்த்துப் பொருத்துங்கள், போதும்.

திருகுத் தலைகளோ, இரண்டு கோட் பெயின்ட்டில் கரைந்துபோகும். அசலில் 12 மி.மீ. என்று வைத்தால் மாடலில் அரை மி.மீ. கிட்டில் இருப்பவற்றைக் கத்தியால் மழித்துவிட்டு, ஊசியால் புள்ளி குத்தி, 0.5 மி.மீ. ட்ரில்லால் கையாலேயே துளையிடுங்கள். அதே அளவு பிளாஸ்டிக் கம்பியைச் செருகி, வெளியே 0.2 மி.மீ. நிற்கும்படி வைத்து, உள்பக்கமிருந்து மெல்லிய சிமென்டை (பிளாஸ்டிக்கை இளக்கி ஒட்டும் மாடல் பசை) தூரிகை நுனியால் தொட்டால் அது தானே ஊறி ஒட்டிக்கொள்ளும். வெளிப்பக்கம் சிமென்ட் வைத்தால் சுற்றிலும் பிளாஸ்டிக் இளகிப் பள்ளமாகிவிடும். புள்ளி குத்தும் முன் மாஸ்க்கிங் டேப்பை மெல்லிய பட்டையாக வெட்டி வளைவின் மேல் ஒட்டி, அதன்மேல் இடைவெளி குறித்துக்கொள்ளுங்கள். ஒரு திருகு நகர்ந்திருந்தாலும் பார்ப்பவர் கண் முதலில் அங்கேதான் போகும்.

நிற்கும் நிலை

பெயின்ட்டுக்கு முன் சக்கரம், சேஸிஸ் (வண்டியின் அடிச்சட்டம்), பாடி மூன்றையும் டேப்பால் கட்டி நிறுத்திப் பாருங்கள். வண்டியைத் தாழ்த்த நினைப்பவர்கள் இங்கேயும் வகுக்க வேண்டும். மாடலில் 1 மி.மீ. என்பது அசலில் 24 மி.மீ. சாலையில் ஓடும் வண்டியாகத் தெரிய 1 முதல் 1.5 மி.மீ. தாழ்வு போதும். மூன்று மி.மீ. இறக்கினால் அசலில் 7 செ.மீ.-க்கு மேல். அப்போது டயர் ஃபெண்டருக்குள் புதைந்துவிடும்.

முன் சக்கர அச்சுக் குச்சியை வெட்டி எடுத்து, தேவையான அளவு மேலே 1 மி.மீ. துளையிட்டு, பித்தளைக் கம்பியைச் செருகி ஒட்டுங்கள். பிளாஸ்டிக் குச்சியையே இடம் மாற்றி ஒட்டினால் நாளடைவில் சக்கர எடையில் சாய்ந்துவிடும். பின்பக்கம் இரும்புக் கம்பி ஊடாக ஓடும் கிட்டானால் துளையை மேல்நோக்கி நீட்டி, உயரம் சரியானதும் அடியில் பிளாஸ்டிக் துண்டு வைத்து அடையுங்கள். பிறகு கண்ணாடித் தகட்டின் மேல் நிறுத்தி, ஒவ்வொரு டயருக்கடியிலும் ஒரு தாள் துண்டை நுழைத்துப் பாருங்கள். எந்த டயருக்கடியில் தாள் தடையில்லாமல் ஓடுகிறதோ அந்தச் சக்கரம் தரையைத் தொடவில்லை.

இந்த வண்டிக்கு எட்டுக் கை கொண்ட, ஜப்பானிய வாடனாபே நிறுவனத்தின் வீலைப் போல் பொருந்துவது வேறில்லை. வீலைப் பெரிதாக்கினாலும் டயரின் மொத்த விட்டத்தை மாற்றாதீர்கள். 195/70 அளவில் 14 அங்குல டயரின் வெளிவிட்டம் 629 மி.மீ., மாடலில் 26. பெரிய வீல் போட்டால் டயரின் பக்கச் சுவர் அதற்கேற்ப மெலிய வேண்டும். டயரின் தரைபடும் பகுதியை 320 நம்பர் உப்புத்தாளில் லேசாக உருட்டித் தேய்த்தால் அச்சின் பளபளப்புப் போய் ஓடிய டயராகிவிடும். மென்மையான வினைல் டயர் நாளாக நாளாகப் பிளாஸ்டிக் வீலை இளக்கி ஒட்டிக்கொள்வதுண்டு. வீலின் டயர் படும் விளிம்புக்கும் ஒரு கோட் பெயின்ட் அடித்து நன்றாகக் காயவிட்டு மாட்டுவது பாதுகாப்பு.

பாடிக்குள் சேஸிஸ் சிரமமின்றி நுழைகிறதா என்பதையும் இப்போதே பார்த்துவிடுங்கள். பெயின்ட் ஏறியபின் இடம் இன்னும் குறுகும். முடிந்த பாடியின் கீழ் விளிம்புகளை இரு கையாலும் விரித்துச் சேஸிஸைத் திணிக்கும்போது கூரைத் தூணில் பெயின்ட் வெடிப்பது வழக்கமான விபத்து. சேஸிஸின் இரு பக்கமும் 0.3 மி.மீ. இப்போதே தேய்த்து விடுங்கள்.

பெயின்ட்

1000 அல்லது 1200 நம்பர் பிரைமர், மெல்லிய இரண்டு கோட். காய்ந்ததும் 1500-ஆல் நீர் தொட்டுத் தேய்த்தால் விட்டுப்போன கீறலெல்லாம் வெளியே வரும். மெரூன், சிவப்பு வகை நிறங்கள் அடிநிறத்தை அப்படியே காட்டிக்கொடுக்கும். ஓரிடம் சாம்பல், ஓரிடம் வெள்ளை, ஓரிடம் பட்டி என்று இருந்தால் திட்டுத் திட்டாகத் தெரியும். அதனால் பாடி, மூக்கு, ஓவர்ஃபெண்டர், கண்ணாடி மாட்டும் தண்டு எல்லாவற்றுக்கும் ஒரே அடிநிறம். பிரவுன் கலந்த அடிநிறத்தின் மேல் மெரூன் ஆழமாக நிற்கும், வெள்ளையின் மேல் சிவப்பு தூக்கலாகத் தெரியும். பாகங்களெல்லாம் ஒரே நாளில், ஒரே கலவையில் அடிக்க வேண்டும்.

பெயின்ட்டைக் காற்றழுத்தத்தால் தூவும் ஏர்பிரஷ்ஷில் 0.3 மி.மீ. நாசில், 15 முதல் 18 பி.எஸ்.ஐ. அழுத்தம், 8 முதல் 10 செ.மீ. தூரம். லாக்கர் பெயின்ட் ஒரு பங்குக்குத் தின்னர் ஒன்று முதல் ஒன்றரைப் பங்கு. ஸ்ப்ரே கேன் என்றால் வெதுவெதுப்பான நீரில் ஐந்து நிமிடம் வைத்துக் குலுக்கி, 20 முதல் 25 செ.மீ. தூரத்திலிருந்து அடியுங்கள். கேனைக் கொதிநீரிலோ அடுப்பருகிலோ ஒருபோதும் வைக்கக் கூடாது. முதல் இரண்டு கோட் தூவினாற்போல் இருந்தால் போதும், நிறம் மூடவேண்டாம். முதலில் இடுக்குகளையும் விளிம்புகளையும் அடித்துவிட்டு, பிறகு பரப்புக்கு வாருங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும். கரைப்பான் ஆவிக்கான வடிகட்டி உள்ள முகமூடி கட்டாயம். துணி முகமூடி ஆவியைத் தடுக்காது.

கடலோர ஊர்களில், மழை நாட்களில் லாக்கர் வெளுத்துப்போகும். தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதன்மேல் படிவதுதான் காரணம். உச்சிவேளையில் அடிப்பதும், தின்னரில் பத்தில் ஒரு பங்கு ரிடார்டர் (காய்வதைத் தாமதப்படுத்தும் திரவம்) சேர்ப்பதும் உதவும். வெளுத்துவிட்டால் மேலே மேலே அடிக்காதீர்கள். காயவிட்டு, ரிடார்டர் கலந்த தின்னரை மிக மெல்லியதாக ஒரு முறை தூவினால் பெரும்பாலும் தெளிந்துவிடும்.

டெக்கால் என்னும் மெல்லிய அச்சுப் படங்களை ஒட்டுவது பளபளப்பான பரப்பின் மேல்தான். சொரசொரப்பான பரப்பில் அடியில் காற்று தங்கி வெள்ளிபோல் மினுக்கும். ஒரு நாள் காய்ந்தபின் கிளியர். ஸ்ப்ரே கேனில் வரும் லாக்கர் கிளியரைத் தொடக்கத்திலேயே ஈரமாக அடித்தால் டெக்கால் சுருங்கிப்போகும். அரை மணி இடைவெளியில் இரண்டு மூன்று தூவல், அதன் பிறகே இரண்டு ஈரக் கோட்.

பாலிஷ் போட அவசரம் வேண்டாம். பாடியை மூக்கருகே கொண்டுபோனால் தின்னர் வாடை துளியும் வரக் கூடாது. சாதாரணமாக ஒரு வாரம் ஆகும். பானெட்டின் நடுமேடு, ஃபெண்டர் முகடு, கதவின் விளிம்பு ஆகிய இடங்களில் கிளியர் மெல்லியதாகவே நிற்கும் என்பதால் அங்கெல்லாம் டேப் ஒட்டி மறைத்துவிட்டு, 2000, 3000, 4000 என்று வரிசையாக, நீரில் ஒரு சொட்டுச் சோப்பு விட்டுத் தேய்த்து, கரடான காம்பவுண்டில் (பாலிஷ் பசை) தொடங்கி நைசானதில் முடியுங்கள். துணியில் உங்கள் நிறம் ஒட்ட ஆரம்பித்தால் கிளியர் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். அங்கேயே நிறுத்துங்கள்.

உள்ளும் புறமும்

உட்புறம் முழுவதும் கறுப்பு. அதற்காக ஒரே கறுப்பை அடித்தால் இருட்டுக் குழியாகிவிடும். டேஷ்போர்டுக்கு அரைப் பளபளப்புக் கறுப்பு, சீட்டுக்குச் சிறிது சாம்பல் கலந்தது, தரைவிரிப்புக்கு ஒளியற்ற அடர் சாம்பல் என்று மூன்றாகப் பிரியுங்கள். சீட் பெல்ட் அசலில் 5 செ.மீ. அகலம், இங்கே 2 மி.மீ. நாடா.

எஞ்சின் உள்ள கிட் என்றால் ஸ்பார்க் பிளக் வயர் இழுக்காமல் விடாதீர்கள். 0.3 மி.மீ. வயர் ஏழு: ஆறு பிளக்குக்கு, ஒன்று காயிலுக்கு. இந்த வண்டியின் ஆறு சிலிண்டர் எல்24 எஞ்சினின் தீப்பொறி வரிசை 1-5-3-6-2-4, டிஸ்ட்ரிப்யூட்டர் சுற்றுவது இடஞ்சுழியாக. மூன்று சோலெக்ஸ் கார்புரேட்டர் வைக்க விரும்பினால் காற்றுக் குழல்களின் வாயைக் குடைந்து மெலிதாக்குங்கள், அசல் தகடுபோல் தெரியும்.

முன் கண்ணாடியைச் சுற்றிய வெள்ளிப் பட்டைக்குப் பெயின்ட்டைவிட உலோகத் தாள் ஒட்டுவதே நல்லது. புது பிளேடால், கிட்டின் மேட்டையே வழிகாட்டியாக வைத்து வெட்டுங்கள். மொக்கை பிளேடு தாளை இழுத்துக் கிழிக்கும். குரோம் பூசிய பாகங்களை ஒட்டுமிடத்தில் பூச்சைச் சுரண்டிவிட வேண்டும், இல்லையேல் சிமென்ட் பூச்சைத்தான் பிடிக்கும், பிளாஸ்டிக்கை அல்ல.

விளக்கு மூடியைக் கடைசியாக வையுங்கள். சூப்பர் குளூ பட்டால் அதன் ஆவி படிந்து மூடி உள்ளிருந்து பனிமூட்டமாகும், துடைக்கவும் வழியிருக்காது. நீரில் கரையும் வெள்ளைப் பசையைக் குண்டூசி நுனியால் விளிம்பில் நான்கு இடத்தில் மட்டும் தொட்டு, மூடும் முன் ஊதுகுழலால் தூசியை ஊதிவிட்டு, மூடியின் உட்புறத்தில் விரல் படாமல் இடுக்கியால் பிடித்து உட்காரவையுங்கள். பசை வெளியே பிதுங்கினால் ஈரப் பஞ்சுக் குச்சியால் உடனே எடுத்துவிடலாம்.