உரை விளையாட்டுப் போட்டி நடத்துகிறீர்களா? பிரிட்டனின் இணையப் பாதுகாப்புச் சட்டத்துக்குத் தயாராவது எப்படி

பொழுதுபோக்காக உரை விளையாட்டுப் போட்டி (படித்துக்கொண்டே விளையாடும் கதைகளுக்கான போட்டி) நடத்துபவர்கள் பலரும் 2025-இலிருந்து ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "பிரிட்டனில் ஏதோ சட்டம் வந்துவிட்டதாமே, போட்டியை நிறுத்திவிடலாமா?" நிறுத்த வேண்டாம். நான் நடத்தும் சிறு போட்டிக்காகச் சட்டத்தையும் பிரிட்டனின் தகவல்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காமின் வழிகாட்டிகளையும் பொறுமையாகப் படித்து, எழுத வேண்டியதை எழுதி முடித்தேன். அந்த வழியைத்தான் இங்கே தருகிறேன். நான் வழக்கறிஞர் அல்ல. பெரிய பரிசுத் தொகை, நன்கொடை என்று பணம் புழங்கும் போட்டியாக இருந்தால் சட்டம் தெரிந்த ஒருவரிடம் காட்டிவிடுங்கள்.

ட்வைன் (கிளை பிரியும் கதை விளையாட்டுகளை உருவாக்கும் கருவி) என்றால் என்ன, போட்டிக்கு விதிமுறை எழுதுவது எப்படி என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

முதலில் சட்டம், சுருக்கமாக

இணையப் பாதுகாப்புச் சட்டம் (ஆன்லைன் சேஃப்டி ஆக்ட்) 2023 அக்டோபர் 26-இல் சட்டமானது. அதை அமல்படுத்துவது ஆஃப்காம். சட்டவிரோத உள்ளடக்கம் தொடர்பான கடமைகள் 2025 மார்ச் 17-இலும், சிறுவர் பாதுகாப்புக் கடமைகள் ஜூலை 25-இலும் நடைமுறைக்கு வந்தன. ஒருவர் ஏற்றியதை இன்னொருவர் பார்க்க முடிகிற எந்தத் தளமும் இதற்குள் வரலாம். தளம் சிறியது, லாபம் இல்லை, எல்லாரும் தன்னார்வலர்கள் என்பதற்காக விலக்கு கிடையாது. நீங்கள் பிரிட்டனுக்கு வெளியே இருந்தாலும், அங்கே கணிசமான பயனர்கள் இருந்தால் அல்லது அவர்களைக் குறிவைத்துத் தளம் நடந்தால் சட்டம் பொருந்தும்.

அதிகபட்ச அபராதம் 1.8 கோடி பவுண்டு அல்லது உலகளாவிய வருவாயில் 10 சதவீதம், இரண்டில் எது அதிகமோ அது. இந்த எண்ணைப் பார்த்துத்தான் பலருக்குக் கைகால் உதறுகிறது. அது உச்சவரம்பு. தளத்தின் அளவுக்கும் ஆபத்துக்கும் ஏற்ற நடவடிக்கைதான் வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது.

படி 1: தளம் யாருடையது?

போட்டி முழுக்க விளையாட்டுகளை வெளியிடும் தளமான இட்ச்.ஐஓவில், ஜாம் என்ற அதன் போட்டி வசதி மூலம் நடக்கிறதா? பேச்செல்லாம் டிஸ்கார்ட் என்ற அரட்டைச் சேவையில் நடக்கிறதா? அப்படியானால் சேவையை வழங்குபவர் அந்த நிறுவனம்தான். யார் உள்ளே வரலாம், வரக்கூடாது என்ற கட்டுப்பாடு யார் கையில் இருக்கிறதோ அவரைத்தான் சட்டம் பிடிக்கிறது. உங்களுக்கு மீதி இருப்பது அவர்களுடைய விதிகளை மதித்து நடப்பது. இந்தப் பதிவை இங்கேயே மூடிவிடலாம்.

சொந்தத் தளத்தில் நடத்துகிறீர்கள் என்றால் தொடர்ந்து படியுங்கள்.

படி 2: படைப்பு எந்தக் கதவு வழியாக உள்ளே வருகிறது?

என்னை அதிக நேரம் நிறுத்திவைத்த இடம் இதுதான். போட்டி எப்படி வடிவமைக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்து உங்கள் வேலை பத்து மடங்கு கூடும் அல்லது குறையும். அதனால் நிதானமாகப் பாருங்கள்.

இரண்டு போட்டிகளை எடுத்துக்கொள்வோம். முதல் போட்டியில் எழுத்தாளர் கணக்குத் தொடங்கி, உள்நுழைந்து, தன் விளையாட்டைத் தானே ஏற்றுகிறார். பொத்தானை அழுத்தியதும் அது எல்லாருக்கும் தெரிகிறது. இரண்டாம் போட்டியில் எழுத்தாளர் மின்னஞ்சலில் கோப்பை அனுப்புகிறார். அமைப்பாளர் திறந்து பார்த்து, ஏற்றுக்கொண்டு, தானே தளத்தில் வெளியிடுகிறார்.

வாசகருக்கு இரண்டும் ஒரே பக்கமாகத்தான் தெரியும். சட்டத்தின் பார்வையில் முதலாவது பயனர் ஏற்றிய உள்ளடக்கம். இரண்டாவதில் சேவையை வழங்குபவரே வெளியிடுகிறார். அமைப்பாளருக்காக வேலை செய்யும் தன்னார்வலர் ஏற்றினாலும் அது அமைப்பாளர் வெளியிட்டதாகவே கருதப்படும்.

இப்போது சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள ஒரு விலக்கைப் பாருங்கள். வழங்குபவர் வெளியிட்ட உள்ளடக்கத்தைப் பற்றிக் கருத்தோ விமர்சனமோ எழுதுவது, விருப்பக்குறி போடுவது, மதிப்பெண் தருவது, இவை மட்டுமே பயனர்களால் முடியும் என்றால் அந்தச் சேவைக்கு விலக்கு உண்டு. நம் போட்டிகளில் நடப்பதே இதுதான். 1995 முதல் ஆண்டுதோறும் நடக்கும் ஐஎஃப்காம்ப் என்ற உரை விளையாட்டுப் போட்டியில் நடுவர்கள் ஒவ்வொரு விளையாட்டுக்கும் 1 முதல் 10 வரை மதிப்பெண் தருகிறார்கள். சிறு போட்டிகள் பலவும் அதே வழக்கத்தைப் பின்பற்றுகின்றன. ஆக, படைப்புகளை நீங்களே வெளியிட்டு, வாசகர்கள் விமர்சனமும் மதிப்பெண்ணும் மட்டும் தரும்படி வைத்தால், இந்த விலக்குக்குள் நிற்க நல்ல வாய்ப்பு இருக்கிறது என்பது என் வாசிப்பு.

எது அந்த விலக்கைக் கெடுக்கும்? பயனர்களுக்கு இடையே தனிச்செய்தி அனுப்பும் வசதி. எதைப் பற்றியும் பேசலாம் என்று திறந்துவிட்ட பொதுப் பலகை. படைப்பை வெளியிட்ட பிறகு எழுத்தாளர் தானே உள்நுழைந்து கோப்பை மாற்றும் வசதி. இந்த மூன்றும் என் தளத்தில் கிடையாது. திருத்தம் வேண்டுமா, மின்னஞ்சல் அனுப்புங்கள், நான் மாற்றித் தருகிறேன்.

ஒன்றை மறந்துவிடக்கூடாது. நீங்கள் வெளியிடுகிறீர்கள் என்றால் பொறுப்பும் உங்களுடையதாகிறது. அவதூறு, பதிப்புரிமை எல்லாம் உங்கள் வாசலுக்கு வரும். ஆபாசப் படங்கள் உள்ள விளையாட்டை நீங்களே வெளியிட்டால் சட்டத்தின் ஐந்தாம் பாகம் பிடித்துக்கொள்ளும். வலுவான வயதுச் சரிபார்ப்பு வேண்டும் என்ற அந்தப் பாகம் 2025 ஜனவரி 17 முதலே நடைமுறையில் இருக்கிறது. வெறும் எழுத்தாக இருப்பதை இந்தச் சட்டம் ஆபாச உள்ளடக்கம் என்று கணக்கிடுவதில்லை. உரை விளையாட்டுக்காரர்களுக்கு இது மிகப் பெரிய நிம்மதி, ஆனால் படம் சேர்ந்த நொடியில் அது போய்விடும்.

படி 3: அனுப்பியதை முழுக்கப் படியுங்கள்

நீங்களே வெளியிடுகிறீர்கள் என்றால் உள்ளே இருப்பது தெரிந்திருக்க வேண்டும். கிளை பிரியும் கதையை விளையாடியே முடித்துவிட முடியாது. ட்வைனில் செய்தது என்றால் வேலை எளிது. அது ஒற்றை எச்டிஎம்எல் கோப்பு. நோட்பேட்++ போன்ற உரைத்திருத்தியில் திறந்து, பாசேஜ்டேட்டா (passagedata) என்ற குறிச்சொல்லை ஆங்கிலத்தில் தேடுங்கள். ஒவ்வொரு பத்தியும் தன் பெயரோடு வரிசையாக நிற்கும். எந்த வழியாகவும் போய்ச் சேர முடியாத பத்திகள்கூட அங்கே கிடைக்கும். அப்புறம் எச்டிடிபி (http) என்று தேடி, வெளித் தளங்களிலிருந்து படமோ ஸ்கிரிப்டோ இழுக்கிறதா என்று பாருங்கள். இழுத்தால் திருப்பி அனுப்பிவிடுவேன். நீங்கள் பார்த்து ஒப்புக்கொண்ட படத்துக்குப் பதிலாக நாளைக்கு வேறொன்று அங்கே வந்து உட்காரலாம். எல்லாக் கோப்பும் ஒரே ஜிப்பில் இருக்க வேண்டும் என்பதை விதியாகவே எழுதிவிடுங்கள்.

இன்ஃபார்ம் என்ற இன்னொரு கருவியில் செய்து தொகுத்த கோப்பில் எழுத்து சுருக்கி வைக்கப்பட்டிருக்கும், இப்படித் தேட முடியாது. மூலக் கோப்பையும் ரகசியமாக அனுப்பச் சொல்லுங்கள். பெரும்பாலும் யாரும் மறுப்பதில்லை.

படி 4: ஆபத்து மதிப்பீடு எழுதுங்கள்

படி 2-இல் விலக்கு கிடைக்காதவர்களுக்கு இது கட்டாயம். கிடைத்தவர்களும் ஒரு பக்கமாவது எழுதி வைத்துக்கொள்வது நல்லது. நாளைக்கு யாராவது கேட்டால் எடுத்துக் காட்டலாம்.

பெரிய மென்பொருள் எதுவும் தேவையில்லை. எளிய விரிதாளே போதும். பணம் வாங்கிக்கொண்டு வார்ப்புரு தருபவர்களைவிட ஆஃப்காமின் இலவசக் கருவியே மேல். பயங்கரவாதம், சிறுவர் பாலியல் சுரண்டல், வெறுப்பு, மிரட்டல், மோசடி, போதைப்பொருள் என்று சட்டவிரோத உள்ளடக்கத்தை ஆஃப்காம் 17 வகைகளாகப் பிரித்துத் தொடங்கியது. ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிசை. அடுத்த கட்டத்தில், அது உங்கள் தளத்தில் வரும் ஆபத்து எவ்வளவு என்று "மிகச் சொற்பம், குறைவு, நடுத்தரம், அதிகம்" என்பதில் ஒன்று. அதற்கடுத்து ஏன் அப்படி முடிவு செய்தீர்கள் என்று இரண்டு வாக்கியம். உதாரணமாக மோசடி வரிசையில் நான் எழுதியது: "பயனர்களுக்குள் தனிச்செய்தி இல்லை. படைப்புகளில் வெளி இணைப்பு அனுமதி இல்லை. விமர்சனங்கள் பார்வையிட்ட பிறகே வெளியாகின்றன. மிகச் சொற்பம்." காரணம் எழுதாமல் "குறைவு" என்று 17 முறை ஒட்டிவைத்தால் அது மதிப்பீடே ஆகாது.

இங்கேதான் எனக்கு ஆதங்கம். இந்தப் பட்டியலைப் பார்த்ததும் சில அமைப்பாளர்கள் "வன்முறை, போதை, தற்கொலை பற்றிய கதைகள் வேண்டாம்" என்று விதி போடுகிறார்கள். தேவையே இல்லை! கொலையைப் பற்றிய கதை கொலைக் குற்றம் ஆகாது. வெளியிடுவதோ வைத்திருப்பதோ குற்றமாகும் உள்ளடக்கத்தைத்தான் சட்டம் சட்டவிரோதம் என்கிறது. சிறுவர் பாதுகாப்புப் பகுதியும் தற்கொலையை ஊக்குவிப்பதை, அதற்கு வழி சொல்லித் தருவதைத்தான் தடுக்கச் சொல்கிறது. தம்பியை இழந்தவன் அந்தத் துயரத்தோடு வாழப் பழகும் கதை அதில் சேராது. அப்படிப்பட்ட கதைகளுக்கு இந்தச் சிறு போட்டிகளைவிட நல்ல இடம் கிடையாது. பயத்தில் அவற்றை வெளியே தள்ளாதீர்கள்.

படி 5: சிறுவர்கள் வருவார்களா?

விலக்கு இல்லாதவர்களுக்கு மட்டும். இரண்டு கேள்விகள். சிறுவர்கள் உள்ளே வர முடியுமா? வலுவான வயதுச் சரிபார்ப்பு இல்லாவிட்டால் "முடியும்" என்றுதான் எழுத வேண்டும். "எனக்கு 18 ஆகிவிட்டது" என்ற பொத்தானை ஆஃப்காம் சரிபார்ப்பாக ஏற்பதில்லை. அடுத்தது, கணிசமான சிறுவர்கள் வருகிறார்களா அல்லது அவர்களை ஈர்க்கும் தன்மை இருக்கிறதா? பள்ளி மாணவர் பிரிவு வைத்திருந்தால் பதில் தெளிவு. ஆம் என்றால் சிறுவர்களுக்கான தனி மதிப்பீடும் எழுத வேண்டும்.

ஒரு வேண்டுகோள்: வயதைச் சரிபார்க்கிறேன் என்று அடையாள அட்டை நகல்களை மின்னஞ்சலில் வாங்காதீர்கள். அதைப் பத்திரமாக வைக்கும் வசதி நம்மிடம் இல்லை. ஆபாசப் படங்கள், தன்னைத்தானே காயப்படுத்தும் வழிமுறைகள் போன்றவற்றை விதியிலேயே தடுத்துவிடுவது பல மடங்கு பாதுகாப்பு.

படி 6: தளத்தில் வைக்க வேண்டியவை

பொறுப்பாளர் ஒருவர், அவர் பெயர் உங்கள் ஆவணத்தில். புகார் அனுப்ப ஒரு முகவரி, முகப்பிலிருந்தே தெரியும்படி. எதை, எப்படி நீக்குவீர்கள் என்று புரியும் மொழியில் விதிகள். தனது படைப்பு நீக்கப்பட்டால் எழுத்தாளர் முறையிட ஒரு வழி. ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சேவைகள் சட்டம் (டிஎஸ்ஏ) சிறு நிறுவனங்களுக்குப் பல கடமைகளில் விலக்கு தந்தாலும், புகார் பெறும் வழி வேண்டும் என்பதில் விலக்கு தரவில்லை. ஆக ஒரே முகவரி இரண்டுக்கும் பயன்படும்.

பின்சேர்க்கை: வாசகர்கள் கேட்டவை

"பிரிட்டன் ஐபி முகவரிகளை மொத்தமாகத் தடுத்துவிட்டால்?" செய்யலாம், ஆனால் அங்கிருக்கும் எழுத்தாளர்களையும் நடுவர்களையும் இழப்பீர்கள். எனக்கு அது கடைசி வழி. தடுத்துவிட்டு "விபிஎன் (இருக்கும் நாட்டை மறைக்கும் இணைய வசதி) போட்டு வாருங்கள்" என்று பக்கத்திலேயே எழுதி வைப்பது மட்டும் கூடவே கூடாது.

"2025 ஜூலையில் இட்ச்.ஐஓ வயதுவந்தோர் விளையாட்டுகளைத் தேடலிலிருந்து மறைத்ததும் இதே சட்டத்தாலா?" இல்லை. அது பணப் பரிவர்த்தனை நிறுவனங்களின் அழுத்தத்தால் நடந்தது. தேதிகள் நெருக்கமாக வந்ததால் குழப்பம்.

"பழைய ஆண்டுகளின் படைப்புகள்?" தளத்தில் இன்னும் திறக்க முடிகிறது என்றால் அவையும் கணக்கில் உண்டு. முந்தைய போட்டிகளில் எழுத்தாளர்களே ஏற்றிய கோப்புகள் இருந்தால், அவற்றை ஒவ்வொன்றாகப் படி 3-இன்படி பார்த்து நீங்களே மறுபடி வெளியிட்டு, பழைய கணக்குகளை மூடிவிடுங்கள். எழுத்தாளர்களுக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுச் சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள். நான் இப்போது செய்துகொண்டிருப்பது இதைத்தான். மதிப்பீட்டை ஆண்டுக்கு ஒருமுறை திருப்பிப் பார்க்க வேண்டும் என்பதால், அடுத்த போட்டியின் அறிவிப்பு எழுதும் வாரத்தையே அதற்கும் ஒதுக்கியிருக்கிறேன்.